நடுக்கத்துக்கு நடுவே ஒரு காஜா

பட்டு நூலை மெழுகுக் கட்டியின் மேல் ஒருமுறை இழுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்தி உருவி, மறுபடி இழுத்தன அந்தக் கைகள். நூல் விறைத்துப் பதமானதும் ஊசியில் ஏறியது. மடியில் கருநீலக் கோட்டு கிடந்தது. இரண்டு கைமுனைகளிலும் பட்டன் நுழையும் காஜாக்கள் முடிந்திருந்தன. முன்பக்கத்துக் காஜாக்களும் முடிந்திருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இடது நெஞ்சுக்கு மேலே, கழுத்துப் பட்டையின் மடிப்பில், மாப்பிள்ளை பூச்செருகும் இடத்தில் வரவேண்டிய காஜா. சாக்பீஸால் கோடு போட்டாகிவிட்டது. இனி வெட்ட வேண்டும்.

வலது கை சிறிய கத்தரிக்கோலை எடுத்தது. அதன் முனை சாக்பீஸ் கோட்டைத் தொட்டது. தொட்ட இடத்தில் நிற்கவில்லை. குருவி தானியம் கொத்துவதுபோல் துணியை மெல்ல மெல்லத் தட்டியது. இடது கை வந்து வலது மணிக்கட்டைப் பிடித்தது. இப்போது இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின.

கத்தரிக்கோல் மேஜைக்குத் திரும்பியது.

எர்சீலியா நிமிர்ந்து திரும்பி, கூரையில் சங்கிலியில் தொங்கிய விளக்கைப் பார்த்தாள். அது அசையாமல் தொங்கியது. அப்படியென்றால் ஆடியது நிலம் இல்லை, தன் கைதான். விளக்கு ஆடியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நேப்பிள்ஸை ஒட்டிய பொட்சுவோலியில் யாருமே விளக்கைப் பார்க்காமல் பேச்சை முடிப்பதில்லை. சாப்பிடும்போது, சண்டை போடும்போது, குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது என்று எப்போதும் கண் ஒருமுறை மேலே போய்வரும். அடியிலிருக்கும் எரிமலை நிலத்தைத் தள்ள, ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் தரை உயர, படகுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. எர்சீலியாவின் கணவன் ப்ரோகொலோ தன் படகில் இறங்குவதற்கு ஒரு ஏணியைக் கட்டிவைத்திருந்தான். நடுக்கங்கள் கூட்டமாக வரும், நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும், பிறகு வாரக்கணக்கில் ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் வாரங்கள்தான் அவளை அதிகம் வதைத்தன. வருவது தெரிந்தால் ஓடலாம். வராமல் இருப்பதை எங்கே ஓடித் தப்பிப்பது?

பயம் முதலில் வந்தது அவள் நெஞ்சுக்குத்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது எந்தக் காரணமும் இல்லாமல் குதிரை மாதிரி ஓட ஆரம்பிக்கும். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், தூக்கத்தில் யாரையோ கடித்துக்கொண்டே இருந்த மாதிரி. படுக்கை மெதுவாகப் படகுபோல் அசையும். விளக்கைப் பார்த்தால் அசையாது. கடைசியில் அது விரலுக்கு வந்தது. முதலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம், அப்புறம் நடுக்கம்.

மற்றதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். விரலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய அத்தைக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. காப்பிக் கோப்பை தட்டில் கடகடத்தது, ஆறேழு வருடத்தில் அத்தைக்கு ஸ்பூன் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. எர்சீலியா காஜா எடுப்பவள். நேப்பிள்ஸ் தையல்காரர்கள் கோட்டை முழுக்கத் தைத்துவிட்டு, காஜாவுக்கு மட்டும் அவளிடம் அனுப்புவார்கள். பதினெட்டு வயதிலிருந்து அவள் செய்தது இந்த ஒன்றைத்தான். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். பட்டன் கோணினால் இடம் மாற்றலாம். காஜா ஒன்றுதான், வெட்டினால் வெட்டியது. கை போனால் தனக்கு வேறென்ன இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால், நெஞ்சு மறுபடி ஓடத் தொடங்கும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தக் கோட்டின் இடது கைமுனையில் கத்தரிக்கோல் ஒரு இழை தாண்டிப் போயிருந்தது. அதைத் தையலுக்குள் புதைத்துவிட்டாள். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் அந்தக் கோட்டை எடுக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் தெரிந்தது.

கோட்டு யாருடையது என்பதுதான் பெரிய வினை. மாடியில் குடியிருக்கும் ஓர்தென்சியாவின் மகன் பியாஜோவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். ஓர்தென்சியாவுக்கோ ஏற்கெனவே எர்சீலியாவைப் பற்றிச் சொல்ல ஒரு கதை கிடைத்திருந்தது.

அது ஈஸ்டருக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. கட்டடம் முழுக்கத் தக்காளிக் குழம்பு வாசனை. எர்சீலியா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று காதுக்குள் ஒரு உறுமல் கேட்டது. பாதத்துக்குக் கீழே தரை நழுவியது. நெஞ்சுக்குள் ஒரு குத்து. அன்று விளக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு ஓடி, "வருது! வருது! எல்லாரும் இறங்குங்க!" என்று அலறினாள்.

நாலு மாடியும் இறங்கியது. வெளியே மழை. ஒருவர் கழுத்தில் கட்டிய துண்டோடு நின்றார். ஒருத்தி முட்கரண்டியோடு நின்றாள். ஓர்தென்சியா குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி செருப்பில்லாமல் நின்றாள். எல்லோரும் கட்டடத்தைப் பார்த்தார்கள். கட்டடம் சும்மா நின்றது. பிறகு எல்லோரும் செல்போனில் நடுக்கங்களைப் பதியும் ஆய்வகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். அதில் காலையிலிருந்து ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தலையாக எர்சீலியாவின் பக்கம் திரும்பியது.

"தோன்னா எர்சீலியா," என்று அம்மா போட்டுக் கூப்பிடுகிற மரியாதையோடு ஆரம்பித்தாள் ஓர்தென்சியா. "யாருக்கு வந்துச்சு, ஊருக்கா உங்களுக்கா?"

சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து எல்லோரிடமும் பரவியது. பயந்தவர்களின் சிரிப்பு அது, சீக்கிரத்தில் அடங்கவில்லை.

"என் குழம்பு அடிபிடிச்சுப் போச்சு. காலையில ஆறு மணிக்கு அடுப்புல வச்சது. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"ரிக்டர் அளவுல ஒண்ணுமில்ல, எர்சீலியா அளவுல நாலு இருக்கும்," என்றார் கழுத்துத் துண்டுக்காரர்.

அதற்குப் பிறகு ரொட்டிக்கடையில், "இன்னிக்கு எவ்வளவு, தோன்னா எர்சீலியா? இறங்கலாமா, சாப்பிட்டுட்டு இறங்கலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்துதான் விளக்கைப் பார்ப்பது ஒரு வியாதியானது. ஒரு தையலுக்கு ஒரு பார்வை.

ப்ரோகொலோதான் அவளை டாக்டரிடம் இழுத்துப் போனான். கோப்பையைப் பிடிக்கும் இரண்டு கைகளை அவன் எப்போதோ கவனித்திருந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லன்னா டாக்டரும் அதையே சொல்லட்டும். அவங்க சொன்னா நம்பறேன்."

"உனக்கெல்லாம் ஒண்ணுமே பண்ணலையா, ப்ரோகொலோ? நீ மட்டும் கல்லா?"

அவன் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினான். "நான் ஏன் காலையில படகுல அவ்வளவு சீக்கிரம் போறேன்னு நெனைக்கிற? மீனுக்கா? தண்ணியில இருந்தாத்தான் எனக்கு வயிறு கெடாம இருக்கு."

முப்பது வருடக் குடித்தனத்தில் அவன் அப்படி எதையும் சொன்னதில்லை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் சார்னெல்லி என்ற அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்தது. அவளும் இந்த ஊர்க்காரிதான். இதயப் படம் எடுக்கச் சொன்னாள், ரத்தம் பார்க்கச் சொன்னாள், நரம்பு டாக்டரிடம் அனுப்பினாள். எல்லாம் வந்த பிறகு கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"உங்க அத்தைக்கு வந்தது உங்களுக்கு இல்ல. நரம்பு டாக்டர் தெளிவா எழுதியிருக்காரு. இதயமும் நல்லா இருக்கு."

எர்சீலியாவுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "அப்ப நான் நடிக்கிறேனா?"

"யாரு சொன்னா? கை நெஜமாத்தான் நடுங்குது. நெஞ்சு நெஜமாத்தான் அடிக்குது. வருஷக்கணக்கா ஓடறதுக்குத் தயாரா நின்னுட்டே இருக்கீங்க. அந்த உடம்புக்கு உட்காரவே மறந்துபோச்சு. பையில துணி ஏதாவது இருக்கா? தச்சுக் காட்டுங்க."

துணித்துண்டு இருந்தது, அவள் பையில் எப்போதும் இருக்கும். ஊசியில் நூலைக் கோத்தாள். விரல் நடுங்கியது. டாக்டர் விரலைப் பார்க்கவில்லை, அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மூச்சப் பிடிக்கிறீங்க?"

"எங்க தொழில்ல அப்படித்தான். வெட்டும்போது மூச்ச அடக்கணும். இல்லன்னா கோடு கோணிடும்."

"இப்ப வெட்டலையே. நூல்தானே கோக்குறீங்க."

எர்சீலியா யோசித்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. ஊர் முழுக்கவே மூச்சை அடக்கித்தான் நிலத்தின் உறுமலுக்குக் காது கொடுக்கும். அவளுக்கு இது இரண்டு பங்காக இருந்திருக்கிறது. தொழிலுக்கும் அடக்கினாள், நிலத்துக்கும் அடக்கினாள்.

"மூச்ச உள்ள இழுக்கறத விட்டுடுங்க, அது தானா வரும். வெளிய விடறத மட்டும் நீளமா விடுங்க. பாதத்தத் தரையில நல்லாப் பதிச்சு வைங்க. படபடப்பு வந்தா அதோட சண்டை போடாதீங்க. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கற வரைக்கும் செய்யற வேலையச் செய்யுங்க. தினம் கொஞ்சம் நடங்க. அந்த விளக்கை ஓயாம பார்க்கறத நிறுத்துங்க. பார்க்கப் பார்க்க அது இன்னும் பார்க்கச் சொல்லும். நெஜமா பெருசா வந்தா விளக்கு சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. காப்பியக் குறைங்க."

"டாக்டர், நிலம் ஆடறதப் பொறுத்துக்கலாம். இது அநியாயம்."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தாள். "இதெல்லாம் பண்ணியும் தாங்கலன்னா மாத்திரை இருக்கு, பேசறதுக்கு ஆள் இருக்காங்க, வெக்கப்படாம வாங்க. புதுசா எந்த வலி வந்தாலும் நீங்களா முடிவு பண்ணாம வந்து காட்டுங்க."

வெளியே வந்ததும், "மூச்சு விடச் சொல்றாங்க. அம்பத்திரண்டு வயசுல மூச்சு விடக் கத்துக்கணுமாம்," என்றாள் எர்சீலியா.

"நல்லவேளை, வலைவீசக் கத்துக்கச் சொல்லல," என்றான் ப்ரோகொலோ.

டாக்டர் சொன்னது முதல் நாட்களில் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மூச்சைக் கவனித்தால் மூச்சு திணறியது. விளக்கைப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் கூசியது. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பழைய துணியில் வெட்டிப் பழகினாள். பத்தில் ஏழு கோணின. கோணியதையெல்லாம் அடுப்புக்குப் பக்கத்து டப்பாவில் ஒளித்தாள். கடற்கரைச் சாலையில் நடந்தாள். ஒருநாள் பாதி வழியில் நெஞ்சு ஓட ஆரம்பிக்க, ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பதித்து, நீளமாக மூச்சை விட்டு விட்டு நின்றாள். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தாள். ஏறியது, உச்சிக்குப் போனது, அங்கேயே நின்றது. இறங்கவே போவதில்லை என்று தோன்றிய நேரத்தில் இறங்கியது. உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. அதை வெற்றி என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. இறங்கும் என்பதை மட்டும் பார்த்துவைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அந்திமோ போன் செய்தார். கோட்டைத் தைத்த மாஸ்டர் அவர்தான்.

"முடிஞ்சுதா எர்சீலியா?"

"கழுத்துப் பட்டை ஒண்ணு பாக்கி, மாஸ்டர்."

"அதத்தானே எல்லாரும் பார்ப்பாங்க! அந்த ஓர்தென்சியா இன்னிக்கு மட்டும் மூணு தடவ கூப்பிட்டுட்டா. 'ரொட்டிக்கடையில பார்த்தேன், கை நடுங்கறவ கிட்டயா என் பிள்ளை கோட்டைக் குடுத்தீங்க'ன்னு கேக்கறா. என்னம்மா இது, உனக்குக் கை நடுங்குதா?"

எர்சீலியா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது.

"நடுங்குது மாஸ்டர்," என்றாள்.

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "சரி," என்றார் அவர் கடைசியில். "வேற ஆள்கிட்ட அனுப்ப நேரமில்ல. துணியும் வேற இல்ல. நாளைக்கு நேரா அவங்க கையிலயே குடுத்துடு. முடியலன்னா இப்பவே சொல்லு, பூவ ஊசியில குத்திக்கட்டும்."

"நாளைக்குக் குடுத்துடறேன்."

போனை வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோலை ஒருமுறை எடுத்து, கோட்டைத் தொட்டு, வைத்தாகிவிட்டது. விளக்கையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது முறை திரும்பவில்லை. ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் தரை ஓட்டில் வைத்தாள். ஓடு சில்லென்றிருந்தது. நெஞ்சு ஓட ஆரம்பித்தது. ஓடட்டும். காதுக்குள் இரைந்தது. இரையட்டும். கத்தரிக்கோலை எடுத்து, முப்பத்து நாலு வருடப் பழக்கத்தில் மூச்சை அடக்கினாள். உடனே முனை கொத்த ஆரம்பித்தது. எடுத்தாள். மூச்சை நீளமாக விட்டாள். மறுபடி விட்டாள். விடும் மூச்சின் கடைசியில், அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால், கை ஒரு கணம் கனத்து அமைதியாவதை உணர்ந்தாள். ஒரு கணம்தான். அடுத்த மூச்சு முடிவதற்காகக் காத்திருந்தாள். அந்தக் கணம் வந்ததும் வெட்டினாள்.

கோடு நேராக இருந்தது.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. வெட்டிய ஓரம் பிசிறுவதற்குள் கட்ட வேண்டும். கனத்த நூலை ஓரத்தில் படுக்கவைத்து அதன் மேல் பட்டு நூலால் முடிச்சு முடிச்சாகப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் மூச்சு விடும்போது இழுத்தாள். ஒரு பக்கம் முடிந்தது. முனையில் திரும்பினாள்.

மறுபக்கம் பாதி வந்தபோது தரை அசைந்தது.

வந்துவிட்டது, பழைய படபடப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள். காதில் உறுமல். நாற்காலி பக்கவாட்டில் நழுவுவதுபோல் இருந்தது. டாக்டர் சொன்னபடி சண்டை போடவில்லை. பாதத்தை அழுத்திப் பதித்தாள். திரும்பவில்லை. நீளமாக மூச்சு விட்டாள். அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. அதையும் காது செய்யும் வேலை என்று எடுத்துக்கொண்டாள். ஊசியைத் துணியை விட்டு அரை விரல் தள்ளிப் பிடித்தபடி படபடப்பு இறங்குவதற்குக் காத்திருந்தாள். இறங்கியது. அடுத்த முடிச்சைப் போட்டாள். இந்த முறை ரொம்பப் பெரிதாக வந்தும் சமாளித்துவிட்டோம் என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

கதவு படாரென்று திறந்தது. ப்ரோகொலோ நின்றான், முகம் வெளுத்து, படகுச் சட்டையெல்லாம் ஈரமாக.

"எர்சி! என்ன பண்ற உள்ள? ஊரே கீழ நிக்குது!"

"ஏன்?"

"ஏனா? அந்தச் சுவரப் பாரு!"

அவள் அப்போதுதான் திரும்பினாள். படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல் கூரை வரை ஏறியிருந்தது. சாப்பாட்டு மேஜை மேல் வெள்ளைப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. விளக்கு சங்கிலியோடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பயம் வந்தது. இதுவரை வராததெல்லாம் மொத்தமாக வந்தது. கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நூல்கண்டையும் மெழுகையும் அள்ளினாள். ப்ரோகொலோ அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு படியிறங்கினான். ஊசி கோட்டிலிருந்து தொங்கி ஒவ்வொரு படிக்கும் ஆடியது.

மார்க்கெட்டுக்கு எதிரே வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லோரும் நின்றார்கள். காற்றில் கந்தக வாடை கனத்திருந்தது. ஓர்தென்சியா ஒரு காரின் பானட்டில் சாய்ந்து நின்றாள். எர்சீலியாவைப் பார்த்ததும் அவள் வாய் தானாகத் திறந்தது.

"வராத அன்னிக்கு எல்லாரையும் இறக்குனீங்க. வந்த அன்னிக்கு நீங்க மட்டும் மேல உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குக் கடவுள் எல்லாத்தையும் தலைகீழா மாட்டிட்டாரா, தோன்னா எர்சீலியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஓர்தென்சியாவும் சிரிக்கவில்லை.

"வேலை பாக்கி இருக்கு," என்றாள் எர்சீலியா. "கொஞ்சம் இடம் விடுங்க."

நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்தாள். செருப்பில்லாத பாதத்தைத் தாரில் பதித்தாள். கை முன்னெப்போதையும்விட மோசமாக நடுங்கியது. மூச்சை விட்டாள். கை அமைதியாகும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து ஒரு முடிச்சு. மறுபடி காத்திருப்பு, மறுபடி ஒரு முடிச்சு. நடுவில் தரை ஒருமுறை சின்னதாக உதறியது. கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை அடக்கியது. அவளும் அடக்கினாள், பிறகு விட்டாள். மிச்சமிருந்த முடிச்சுகளுக்கு ஒரு முழு வேலை நாள் ஆனதுபோல் இருந்தது. முனையில் இரண்டு குறுக்குத் தையல் போட்டு, நூலைப் பின்பக்கம் ஓட்டி, பல்லால் கடித்து அறுத்தாள்.

பூச்சுத்தூளை உதறிவிட்டு எழுந்து, கோட்டை ஓர்தென்சியாவின் முன் விரித்துக் காட்டினாள்.

"இடது கைமுனையில ஒரு இழை தாண்டிடுச்சு. உள்ள கட்டியிருக்கேன், தெரியாது. ஆனா உங்களுக்குச் சொல்லணும்."

ஓர்தென்சியா கைமுனையைப் பார்க்கவில்லை. கழுத்துப் பட்டையின் காஜா மேல் விரலை ஓட்டினாள். விரல் அதில் நிற்காமல் தத்தியது. எர்சீலியா அந்த விரலைப் பார்த்தாள்.

"எனக்கும் போன மாசத்துலேருந்து இப்படித்தான்," என்றாள் ஓர்தென்சியா தாழ்ந்த குரலில். "பியாஜோவுக்குத் தெரியாது. நாளைக்குச் சர்ச்சுல அவன் கையப் பிடிச்சுப் பலிபீடம் வரைக்கும் நடக்கணும். எல்லாரும் பார்ப்பாங்க."

"ரெண்டு கையாலயும் வாங்குங்க. மூச்ச வெளிய விட்டுக்கிட்டே," என்று சொல்லி, எர்சீலியா கோட்டை அவள் கைகளில் வைத்தாள்.